கார் கட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டியது எது?

ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பஸ் ஏறி, சிங்கப்பூர் தேக்காப் பக்கம் சாமான் வாங்கப் போகும் நம்மவர்கள் பலர் உட்லண்ட்ஸ் சாலையிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். விழித்திருப்பவர்களுக்குப் புக்கிட் பாஞ்சாங்கின் அடுக்குமாடி வீடுகள் தெரியும். அதைத் தாண்டி அப்பர் புக்கிட் தீமா சாலையில் பஸ் சிறிது தூரம் போனதும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்த இடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு நாலு மாதம் முன்பு, 1941 அக்டோபரில்தான் அந்தக் கட்டடம் கார் பொருத்துவதற்கென்று திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய முதல் கார் பொருத்தும் தொழிற்சாலை அதுதான். போருக்குப் பின் மறுபடி ஓடி, 1980இல் மூடப்பட்டு, 2006 முதல் கண்காட்சிக் கூடமாக இருக்கிறது.

அங்கே வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு கவலை இல்லை. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த உறுப்புகளை, சொன்ன இடத்தில் சொன்னபடி பூட்டினால் போதும். எந்த இஞ்சினுக்கு எந்த கியர் பெட்டி என்பதை வேறு நாட்டில் வேறொருவர் முடிவு செய்திருப்பார். தானே ஒரு காரைக் கட்ட முனைகிற ஆளுக்குத்தான் அந்தத் தலைவலி.

அப்படி முனைந்தவர்களில் ஒருவர் என் பழைய மாணவர். தோட்டத்துப் பள்ளியில் படித்து, தொழிற்பயிற்சி முடித்து, இப்போது சிங்கப்பூரில் கார் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். புக்கிட் பாஞ்சாங்கில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். நாலு பேருக்கும் ஒரே ஆசை: ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் இஞ்சின் வைத்த, தாழ்வான, இருவர் அமரும் ஒரு விளையாட்டுக் காரைத் தாங்களே கட்ட வேண்டும். அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில் இஞ்சினைக் கழற்றிப் போட முடியுமா? ஆகவே கடலுக்கு இந்தப் பக்கம், ஜொகூரில் ஒரு கொட்டகை பிடித்திருந்தார்கள். ஒரு பள்ளி விடுமுறையில் வந்தவர் என்னிடம் கேட்டார்:

"சார், போர்ஷே கியர்பாக்ஸ் ஒண்ணு விலைக்கு வருது. நாங்க போட்ட பணத்துல பாதி அதுக்கே போயிடும். வாங்கலாமா?"

அந்தப் பணம் நாலு வருடச் சேமிப்பு. நால்வரில் ஒருவரின் தாயார் தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டு மலிவு விலை வீட்டுக்குப் போனவர். மாதத் தவணை மகன் கையில். ஆகையால் இதை இளைஞர் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவரோடு உட்கார்ந்து படித்ததும் பேசியதும் நம் வாசகர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

இஞ்சின் ஏன் நடுவில்?

ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நீண்ட கம்பின் இரு முனைகளிலும் வாளி தொங்கினால், நிரையின் முடிவில் உடம்பைத் திருப்புவது எவ்வளவு சிரமம்! திரும்பத் தொடங்கவும் நேரமாகும், திரும்பியதை நிறுத்தவும் நேரமாகும். அதே இரண்டு வாளியையும் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் சட்டென்று திரும்பலாம். காரிலும் இதே கதைதான். இஞ்சின் என்கிற பெரிய பாரம் முன் மூக்கிலோ வால் நுனியிலோ இல்லாமல் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருந்தால், வளைவில் கார் கைக்கு அடங்கி வரும். பந்தயக் கார்கள் இந்த அமைப்புக்கு மாறியதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இஞ்சினை நடுவுக்குக் கொண்டுவந்தால் இன்னொன்று மாறுகிறது. நம் தோட்டத்து லோரியைப் பாருங்கள். முன்னால் இஞ்சின், அதற்கடுத்து கியர் பெட்டி, அங்கிருந்து நீண்ட இரும்புத் தண்டு, பின் அச்சில் பூசணிக்காய் போல ஓர் உருண்டைக் கூடு. அந்தக் கூட்டுக்குள் இருப்பதுதான் டிபரன்ஷியல். அதன் வேலை என்ன? விளையாட்டுப் போட்டி நாளில் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்துத் திடலின் மூலையில் திரும்பும்போது கவனித்திருப்பீர்கள். உள்பக்கத்துப் பிள்ளை நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைக்கும். வெளிப்பக்கத்துப் பிள்ளை ஓட வேண்டும். இரு சக்கரங்களும் அப்படித்தான். ஒரே வேகத்தில் இரண்டையும் சுற்றவிட்டால் டயர் தேயும், கார் முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் வேண்டிய வேகத்தைப் பிரித்துக் கொடுப்பதே டிபரன்ஷியல்.

நடுவில் இஞ்சின் இருக்கும்போது நீண்ட தண்டுக்கு இடமில்லை. கியர் பெட்டியும் டிபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அப்படி அடங்கிய பெட்டிக்கு டிரான்சாக்சில் என்று பெயர். அதன் இருபுறமும் இரண்டு குட்டைத் தண்டுகள் கிளம்பி நேரே சக்கரங்களுக்குப் போகும். பின் சக்கரங்கள் எங்கே நிற்கும், இஞ்சின் எங்கே உட்காரும், ஓட்டுநரின் முதுகு எங்கே முடியும் என்பதையெல்லாம் இந்த ஒரு பெட்டியே தீர்மானிக்கிறது. பெரும்பாலானோர் முதலில் இஞ்சினை வாங்குகிறார்கள். பிறகு அதற்கு வாய் பொருந்துகிற பெட்டியைத் தேடி அலைகிறார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் நடுவே ஒரு தகடு கடைய வேண்டும், கிளட்சை மாற்ற வேண்டும், ஃப்ளைவீலைத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றும் லேத் பட்டறையில் ஒரு பில்!

நாலு ரிவர்ஸ், ஒரு முன் கியர்

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வோக்ஸ்வேகன் பீட்டில் என்கிற ஆமைக் காரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால், வாலில் இருக்கும். கியர் பெட்டி அச்சுக்கு முன்னால். இந்த இரண்டையும் அப்படியே கழற்றி, இஞ்சின் முன்னால் வருமாறு திருப்பி வைத்தால் நடு இஞ்சின் கார் ஆகிவிடும் என்று தோன்றும். ஆகும். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் கார் பின்னோக்கி ஓடும்! பெட்டி திரும்பியதால் சக்கரம் சுற்றும் திசையும் மாறிவிட்டது. நாலு கியரும் ரிவர்ஸ், ரிவர்ஸ் மட்டும் முன்னோக்கி.

இதற்கு இரண்டு வழிகள். பெட்டியைத் திறந்து, பினியனின் ஒரு பக்கம் இருக்கும் கிரவுன் வீலை மறுபக்கத்துக்கு மாற்றிப் பூட்டலாம். பழைய பீட்டில் பெட்டியில் இது செய்யக்கூடிய வேலை. அல்லது பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டலாம். கவிழ்த்தால் எண்ணெய் மட்டமும் காற்றுப் போகும் துவாரமும் இடம் மாறும், அவற்றைச் சரிசெய்ய வேண்டும். சில பெட்டிகளில் கூட்டின் அமைப்பு காரணமாகக் கிரவுன் வீலை மாற்றவே முடியாது. ஆகவே விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பெட்டி எந்தக் காரிலிருந்து வந்தது, அதில் இஞ்சின் அச்சுக்கு எந்தப் பக்கம் இருந்தது?

பெரிய நிறுவனங்களும் இந்தச் சிக்கலைக் கடந்து வந்தவைதாம். 1966இல் லோட்டஸ் நிறுவனம் யூரோப்பா என்ற நடு இஞ்சின் காரை வெளியிட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது ரெனோ 16 என்னும் குடும்பக் காரின் இஞ்சினும் பெட்டியும். ரெனோவில் அது முன் சக்கரங்களை ஓட்டியது. லோட்டஸ்காரர்கள் அதைத் திருப்பிப் பின்னால் வைத்தபோது கிரவுன் வீலை மறுபக்கம் மாற்றினார்கள். போர்ஷே 911 காரின் பெட்டியை 1969இல் வந்த 914 என்ற நடு இஞ்சின் காருக்கு எடுத்தபோதும் அதே வைத்தியம்தான்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. 1959இல் ஜாக் பிரபாம் உலக வெற்றி வீரரானார். பின்பக்கம் இஞ்சின் வைத்த காரில் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. அவர் ஓட்டிய கூப்பர் காரின் வாலில் இருந்தது என்ன? சித்ரோவென் என்ற பிரெஞ்சுக் குடும்பக் காரின் கியர் பெட்டியைத் திருப்பி, பலப்படுத்தியது! மைக் ஹியூலண்ட் என்ற ஆங்கிலேயர் 1960களின் தொடக்கத்தில் பந்தயக் கார்களுக்குப் பெட்டி செய்யத் தொடங்கியபோது, ஆமைக் காரின் கூட்டைத்தான் கவிழ்த்துப் போட்டு, உள்ளே தன் பற்சக்கரங்களை வைத்தார். மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்த அந்தக் கூடு உலகம் முழுக்கப் போனது.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் அப்பர் தாம்சன் சாலை. அங்கே 1961 முதல் 1973 வரை, சாதாரணச் சாலையை மூடிவிட்டு, கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தினார்கள். 1967இல் ரோட்னி சியாவ் ஒரு மெர்லின் காரில் வென்றார். 1968இல் வென்ற ஆஸ்திரேலியர் கேரி கூப்பர், தாமே நடத்திய சிறு பட்டறையில் செய்த எல்ஃபின் காரில் வந்தவர். அந்தக் காலத்தில் இவ்வகைச் சிறு பந்தயக் கார்களில் மிகப் பலவற்றின் வாலில் ஹியூலண்ட் பெட்டிதான். தாம்சன் சாலை ஓரத்தில் நின்று அவை பறந்ததைப் பார்த்துக் கைதட்டியவர்கள், உள்ளே ஆமைக் காரின் கூடு ஓடியதை அறிந்திருப்பார்களா?

பலம் எவ்வளவு வேண்டும்?

"போர்ஷே பெட்டின்னா உடையாதுல்ல, சார்?" என்று மாணவர் கேட்டது நியாயமான கேள்வி. பலமில்லாத பெட்டியால் பெரிய நிறுவனமே தலைகுனிந்திருக்கிறது. 1964இல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியைத் தோற்கடிக்க வேண்டுமென்று பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று ஜிடி40 கார்களை அனுப்பியது. மூன்றும் முடிவுவரை ஓடவில்லை. ஒன்று தீப்பிடித்தது. மற்ற இரண்டும் கியர் பெட்டிக் கோளாறால் நின்றன. இத்தாலியின் கொலோட்டி நிறுவனம் செய்த பெட்டி, அந்தப் பெரிய அமெரிக்க இஞ்சினின் முறுக்கைத் தாங்கவில்லை. பிறகு ஜெர்மனியின் இசட்எஃப் பெட்டி வந்தது. ஏழு லிட்டர் இஞ்சின் வைத்தபோது ஃபோர்டு தானே நாலு கியர்ப் பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே தன் பெரிய சாலைக் கார்களின் பற்சக்கரங்களையே பயன்படுத்திக்கொண்டது. 1966இல் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கே.

ஆனால் அந்தக் கதை ஏழு லிட்டர் இஞ்சினுக்கு. நம் பிள்ளைகள் வைக்கப்போவது 1600 சிசியோ 1800 சிசியோதான். காரின் எடையும் ஒரு குடும்பக் காரைவிடக் குறைவு. பாரம் குறைந்தால் பெட்டிக்கு வரும் சிரமமும் குறையும். குடும்பக் காரில் ஐந்து பேரையும் சாமானையும் சுமந்து கேமரன் மலை ஏறிய பெட்டி, அதே இஞ்சினோடு எடை குறைந்த காரில் ஏன் உடைய வேண்டும்? போர்ஷே பெட்டி தரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பேரிங் போனால் மாற்றுப் பேரிங் என்ன விலை, யார் கழற்றிப் பூட்டுவார், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? யானையை வாங்குகிறவன் தீனிக்கும் கணக்குப் போட வேண்டும் அல்லவா?

மோட்டார் சைக்கிள் இஞ்சினை வைத்துக்கொள்வோர் ஒரு தனி ரகம். அதில் கியர் பெட்டி இஞ்சினோடு பிறந்தது. சங்கிலி ஒன்று பின் அச்சின் டிபரன்ஷியலைச் சுற்றும். 1981இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில், பெட்ரோல் கார் கட்டும் பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். இலேசான, ஒருவர் அமரும் காருக்கு நல்ல வழி. ஆனால் பெரும்பாலான மோட்டார் சைக்கிள் பெட்டிகளில் ரிவர்ஸ் கிடையாது.

கோயம்புத்தூர் காட்டிய வழி

நம் மக்களிடையே இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தந்தவர் கோயம்புத்தூரின் கரிவரதன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்த காலம் ஒன்று இருந்தது. வசதி உள்ளவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வருவார்கள். மற்றவர்கள் உள்ளூர் அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் கார்களின் உறுப்புகளைக் கொண்டு தாங்களே ஏதாவது கட்டுவார்கள். கரிவரதனும் அங்கே ஓட்டியவர், கார் கட்டியவர்.

1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, முன் சக்கர இயக்கம். இஞ்சினும் நாலு கியர்ப் பெட்டியும் டிபரன்ஷியலும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கில் குறுக்காக உட்கார்ந்திருந்தன. மற்றவர்கள் அதைச் சின்னக் குடும்பக் காராகப் பார்த்தபோது, கரிவரதன் அதை ஆயத்தமாகக் கிடைத்த டிரான்சாக்சிலாகப் பார்த்தார். அதை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒருவர் அமரும் பந்தயக் காரைக் கட்டினார். 1988இல் ஃபார்முலா மாருதி பிறந்தது.

மாருதியின் குட்டி இஞ்சின் இடியாக முழங்குவதில்லைதான். ஆனால் எல்லாரிடமும் ஒரே இஞ்சின், ஒரே பெட்டி. உடைந்தால் எந்த ஊர்க் கடையிலும் உறுப்பு கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கழற்றுவார். ஆகவே பந்தயம் பணப்பையைப் பொறுத்தது என்ற நிலை மாறி, ஓட்டும் கையைப் பொறுத்தது என்ற நிலை வந்தது. அந்தக் காரில் 1990களின் தொடக்கத்தில் பழகிய கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர்தான் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் அதைக் காணவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் செய்த வேலையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். குறுக்காக உட்காரும் முன் சக்கர இயக்கப் பெட்டியை முன்னாலிருந்து பின்னால் நகர்த்துகிறோமே தவிர, திருப்புவதில்லை. சக்கரம் சுற்றும் திசை மாறாது. கிரவுன் வீலைத் தொட வேண்டாம், பெட்டியைக் கவிழ்க்க வேண்டாம். பெரிய நிறுவனங்களும் இந்த வழியில் போயிருக்கின்றன. 1972இல் ஃபியட் தன் 128 குடும்பக் காரின் இஞ்சினையும் பெட்டியையும் எக்ஸ்1/9 காரின் முதுகில் வைத்தது. 1984இல் டொயோட்டா, முன் சக்கர இயக்கக் கொரோலாவின் உறுப்புகளால் எம்ஆர்2 செய்தது. 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ், முதலில் ரோவர் குடும்பக் காரின் இஞ்சினோடும் பெட்டியோடும் ஓடிற்று. அதே 1996இல்தான் நம் நாட்டு புரோட்டோன் நிறுவனம் லோட்டஸை வாங்கியது, 2017வரை வைத்திருந்தது.

ஹாஃப் கட் கொட்டகையில்

கோயம்புத்தூரில் மாருதி என்றால் நமக்கு என்ன? ஜொகூரிலும் கிள்ளான் வட்டாரத்திலும் உள்ள ஹாஃப் கட் கொட்டகைகளை நம் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானில் ஓடிய கார்களின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். இஞ்சின், பெட்டி, கிளட்ச், இரு பக்கத் தண்டுகள், கம்பி, கணினி எல்லாம் ஒரே துண்டில் இருக்கும். டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ ஆனாலும் மிட்சுபிஷியின் 4ஜி93 ஆனாலும், முன் சக்கர இயக்கக் காரிலிருந்து வந்ததாக இருந்தால் அது கரிவரதனுக்குக் கிடைத்த அதே வகைப் பொருள்தான். என் மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: பெட்டியைத் தனியாக வாங்காதீர்கள். இஞ்சினும் பெட்டியும் கல்யாணம் முடித்து வந்த ஜோடியாகவே வாங்குங்கள். போர்ஷே பெட்டி வேண்டாம்.

நால்வரும் இரண்டு இரவு வாக்குவாதம் செய்தார்களாம். "போர்ஷேன்னு சொல்லிக்க முடியாதே" என்று ஒருவருக்கு வருத்தம். தவணை கட்டுகிற பிள்ளைதான் முதலில் இறங்கி வந்தார்.

பார்த்து வாங்கும் விதத்தைப் பட்டறைக்காரரான மாணவர் எனக்குக் கற்றுத் தந்தார். முதலில் பெட்டியின் எண்ணெயை ஒரு பழைய டின்னில் இறக்கச் சொல்ல வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் அடுத்த கொட்டகைக்கு நடக்க வேண்டியதுதான். எண்ணெய் கறுத்திருந்தால் பரவாயில்லை. அடைப்பானில் உள்ள காந்தத்தில் மாவு போல் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும் பெரிய குற்றமில்லை. துண்டாகப் பல் உடைந்த இரும்போ, அரிசி அளவு சில்லோ கிடந்தால் அதை வாங்கக் கூடாது. அவர்கள் முதலில் பேசி வைத்திருந்த துண்டில் அப்படி இரண்டு சில்லு கிடந்தது! வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்த பெட்டி அது.

அடுத்து, இஞ்சினை ஓட்டாமலே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, கையால் சுற்ற வேண்டும். தண்டுகள் இரண்டும் உடன் வருகின்றனவா, அவற்றின் சிவி ஜாயிண்ட் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா, பெட்டியைத் தாங்கும் மவுண்டிங்குகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மவுண்டிங்கை வெட்டி எறிந்திருந்தால் அதைப் புதிதாகச் செய்ய ஒரு வாரம் போகும்.

கியர் மாற்றுவது கேபிளாலா, இரும்புக் கம்பியாலா என்பதும் முக்கியம். பெட்டி முன்னால் இருந்தபோது கியர்க் கோல் அதற்குப் பின்னால் இருந்தது. இப்போது பெட்டி பின்னால் போய்விட்டது, கோல் அதற்கு முன்னால். கேபிள் என்றால் நீளமானது ஒன்று செய்து, வளைத்துக் கொண்டுவரலாம். கம்பி என்றால் இஞ்சினைச் சுற்றிக் கொண்டுவரவும், திசை மாறாமல் இயக்கவும் மூட்டுக்கு மேல் மூட்டு வைக்க வேண்டிவரும். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம். கடைசியில் கோல் கஞ்சிச் சட்டியில் கரண்டி போல ஆடும். கேபிள் உள்ள பெட்டிக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பின்னால் வைத்த பிறகு இரண்டு காரியங்களில் கவனம் வேண்டும். முன் சக்கரத்துக்கென்று செய்த உறுப்பு என்பதால் அது ஸ்டீயரிங்கோடு திரும்பும்படி செய்யப்பட்டது. பின்னால் வரும்போது அந்தத் திரும்பும் கையை அசையாமல் கட்ட வேண்டும். ஏனோதானோ என்று கட்டினால், குழியில் இறங்கி ஏறும்போது பின் சக்கரம் தானாகத் திரும்பும்; வேகத்தில் அது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது, பெட்டியிலிருந்து தண்டு வெளியே வரும் இடமும் சக்கரத்தின் மையமும் கூடுமானவரை நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இஞ்சினுக்கு இடம் போதவில்லை என்று பெட்டியைத் தள்ளி வைத்துத் தண்டைச் சாய்த்து ஓட்டினால், சிவி ஜாயிண்ட் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் பெட்டியை முதலில் தரையில் வைத்து, அளவெடுத்து, அதைச் சுற்றித்தான் சாசிக் குழாய்களைப் பற்றவைக்க வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

வாத்தியார் எழுதும் கட்டுரையில் ஒரு கணக்காவது இல்லாவிட்டால் எப்படி? பெட்டியின் கியர் விகிதம் நம் காருக்குப் பொருந்துமா என்று வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் பார்த்துவிடலாம்.

டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். (சுண்ணாம்பால் டயரில் ஒரு கோடு போட்டு, காரை உருட்டி, தரையில் அளந்து பார்க்கலாம்.) டாப் கியர் விகிதம் 0.9, கிரவுன் வீல் விகிதம் 4. இரண்டையும் பெருக்கினால் 3.6. இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 தடவை சுற்றும்போது, சக்கரம் 6,000 வகுத்தல் 3.6, அதாவது ஏறக்குறைய 1,667 தடவை சுற்றும். அதை 1.8 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 3,000 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். முதல் கியர் 3.5 என்றால் மொத்த விகிதம் 14. அதே 6,000 சுற்றில் மணிக்கு 46 கிலோமீட்டர். இஞ்சினின் முறுக்கு 14 மடங்காகிச் சக்கரத்துக்குப் போவதும் இந்தக் கியரில்தான். பெட்டி உடைவது பெரும்பாலும் புறப்படும் இடத்தில், கிளட்சைத் தடாலென்று விடும்போது என்பதற்கு இந்த 14தான் காரணம்.

குடும்பக் காரின் பெட்டியில் முதல் கியர் அதிக முறுக்குக்காக வைக்கப்பட்டிருக்கும். எடை குறைந்த காருக்கு அது சீக்கிரம் தீர்ந்துபோகும், உடனே இரண்டாவது போட வேண்டியிருக்கும். இதற்காகப் பற்சக்கரங்களை மாற்றப் புறப்படுவோர் உண்டு. நான் சொல்வேன், முதல் வருடம் தொடாதீர்கள். சற்றே பெரிய டயர் போட்டாலே கணக்கு மாறிவிடும்.

சாலையில் ஓட்ட முடியுமா என்று பெற்றோர் கேட்பது சரியே. சிங்கப்பூரில் 1990 முதல் எந்தக் காருக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். இஞ்சினை மாற்றுவதற்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. மலேசியாவிலும் இஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் உண்டு. வீட்டில் கட்டிய காருக்கு இந்தக் கதவுகள் எளிதில் திறப்பதில்லை. ஆகவே இந்த நால்வரின் கார் சொந்தச் சக்கரத்தில் சாலைக்கு வராது. லோரியில் ஏறிப் பந்தயத் திடலுக்குப் போய், லோரியிலேயே திரும்பும். இதைத் தொடக்கத்திலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக எண்ணெய் விஷயம். கியர் எண்ணெய் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். எண் பெரியதாக இருப்பதால் ஐந்துதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். லோரியின் பின் அச்சுக்கு அது நல்லது. ஆனால் பழைய முன் சக்கர இயக்கப் பெட்டிகள் பலவற்றில் கியர் இணையும் வளையங்கள் பித்தளை; ஜிஎல்-5 எண்ணெயில் சேர்க்கும் மருந்து சில வேளை அந்தப் பித்தளையை அரிக்கும். அந்தக் காரின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றியதைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இறக்கி, அடைப்பானின் காந்தத்தை மறுபடியும் துடைத்துப் பார்க்க வேண்டும்.